இதயத்தில் புற்று: கண்டறியக் கற்ற வரலாறு

இதயத்திலேயே தோன்றும் புற்றுநோயைத் தம் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பார்க்காத மருத்துவர்களே அதிகம். பிரேதப் பரிசோதனைகளின் பெருந்தொகுப்புகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில், இதயத்தில் உருவாகும் எல்லா வகைக் கட்டிகளும் சேர்ந்தே 10,000 உடல்களுக்கு ஏறத்தாழ 2 என்ற அளவில்தான் இருந்தன. அவற்றிலும் முக்கால் பங்கு புற்றல்லாதவை. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் மிக்ஸோமா என்ற கட்டி அந்த வகையைச் சேர்ந்தது. எஞ்சிய கால் பங்கே புற்று. அதில் மிகப் பெரும்பகுதி இணைப்புத் திசுவில் எழும் சார்கோமா, சிறுபகுதி நிணநீர்ச் செல்களில் எழும் லிம்போமா. நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்புகளில் தொடங்கி இதயத்துக்குப் பரவும் புற்று இதைப்போல் 20 முதல் 40 மடங்கு அதிகம்.

இந்த நோய்க்கென்று தனி அறிகுறி எதுவும் கிடையாது. மேல்மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, உடம்பு இளைக்கிறது, சிலர் மயங்கி விழுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்தக் காரணங்களுள் இரண்டு மற்ற எல்லாவற்றையும் மறைக்கும் அளவுக்குப் பரவியிருந்தன: மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கும் இதய நோய், மற்றொன்று காசநோய். இதயப் புற்றைக் கண்டறியக் கற்ற வரலாறு பெரும்பாலும் புதுக் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இந்த மண்ணைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். வழக்கமாக வரும் நோயைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டதே மறுபாதி.

அந்தக் கதைக்கு ஒரு வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கி.மீ. தொலைவில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது ரஞ்சன்குடி. 17ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகிர்தார் கட்டிய கோட்டையால் ஊர் அறியப்படுகிறது. நவாப் பதவிக்கான போட்டியில், 1751இல் முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயருக்கும் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரருக்கும் இங்கே நடந்த சண்டையை வரலாற்று நூல்கள் வாலிகண்டபுரத்துப் போர் என்று குறிக்கின்றன. படைகள் நடந்த அதே வழியில்தான் பின்னாளில் இந்த வட்டாரத்தின் இதய நோயாளிகளும் வடக்கே சென்னைக்கும் தெற்கே திருச்சிக்கும் போனார்கள்.

அந்தப் போர் நடந்த காலத்தில் இதயக் கட்டி என்பது உடலை அறுத்துப் பார்க்கும்போது மட்டுமே தென்பட்ட ஒன்று. இத்தாலிய உடற்கூறியலாளர் ரியால்டோ கொலம்போ 1559இல் வெளியான தம் நூலில் இதயத்துக்குள் கட்டி கண்டதை எழுதினார். அதுவே இது பற்றிய முதல் குறிப்பு என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் மால்பிகி, இதயத்தில் காணப்படும் சதைத்திரள் போன்றவற்றை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை உறைந்த இரத்தம். கட்டி எது, உறைவு எது என்ற அந்தப் பழைய குழப்பம் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. இதயத்துக்குள் ஏதோ ஒரு திரள் தெரிகிறது என்றால் இன்றைக்கும் முதலில் எழும் கேள்வி அதுதான். ரஞ்சன்குடிப் போருக்குப் பத்தாண்டு கழித்து, 1761இல், பதுவா நகரின் மோர்காக்னி நோயாளி உயிரோடிருந்தபோது சொன்ன தொல்லைகளையும் இறந்தபின் உறுப்பில் கண்ட மாற்றத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒரு பெருநூலை வெளியிட்டார். நோயை உறுப்பில் தேடும் மருத்துவம் அதிலிருந்து வேர்விட்டது.

அந்த மருத்துவம் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியோடு வந்தது. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் படைவீரர்களுக்காகத் தொடங்கிய சிறு மருத்துவமனை 1772இல் இன்றைய இடத்துக்கு மாறி, பொது மருத்துவமனையாக வளர்ந்தது. 1835இல் அதனோடு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுவே சென்னை மருத்துவக் கல்லூரி. பிணத்தை அறுத்துப் படிப்பது பாடமாயிற்று. ஆனால் ஐரோப்பாவில் மருத்துவமனையில் இறந்தவர்களை அறுத்துப் பார்ப்பது அன்றாட வழக்கமாக வேரூன்றியதுபோல் இங்கே வேரூன்றவில்லை. போஸ்ட்மார்ட்டம் என்றால் போலீஸ் கேஸ் என்பதே மக்கள் மனத்தில் பதிந்த பொருள். நோயால் இறந்தவரின் உடலை அறுக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று உறவினர் கேட்பதும், மருத்துவர்கள் வற்புறுத்தாமல் விடுவதும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. துக்கத்தில் இருப்பவர்களின் அந்த வேண்டுகோளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு பெரியது. பிரேதப் பரிசோதனை ஒன்றே வழியாக இருந்த நோய்க்கு, அந்த வழியும் அடைபட்டிருந்த காலம் முழுவதற்கும் இங்கே பதிவு கிட்டத்தட்ட இல்லை. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நெஞ்சடைத்து இறந்தவர் மாரடைப்பில் போனதாகவோ, நீர்கோத்துப் போனதாகவோ நினைவுகூரப்பட்டார். ஊர் வைத்தியர் நாடி பிடித்துத் துடிப்பின் ஒழுங்கையும் வலிமையையும் அறியலாம். துடிப்பு தப்புவது வால்வாலா, தசையாலா, கட்டியாலா என்று பிரிக்க நாடியால் இயலாது. ஸ்டெதஸ்கோப்பாலும் அதை எளிதில் பிரிக்க முடிந்ததில்லை.

உயிரோடிருக்கும் ஒருவருக்கு இதயப் புற்று என்று சொல்லி, அது சரியென்று நிரூபணமான முதல் நிகழ்வு 1934இல் பதிவாயிற்று. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆர்லி பார்ன்ஸும் அவருடைய துணை ஆசிரியர்களும் அதை வெளியிட்டனர். இ.சி.ஜி. மாற்றங்கள் இதயத் தசையின்மேல் ஐயத்தைத் திருப்பின. ஆனால் நோயின் பெயர் கிடைத்தது நிணநீர்க் கணு ஒன்றிலிருந்து. இதயத்திலிருந்து வெளியே பரவியிருந்த கணுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அது சார்கோமா என்று தெரிந்தது. இதயத்தைத் தொடாமலே இதயத்தின் நோய் அறியப்பட்டது என்பதில் இந்தத் துறையின் பின்வரலாறு முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. கருவி இடத்தைக் காட்டும், திசுவே பெயரைச் சொல்லும். தொண்ணூறு ஆண்டுகளில் இந்த விதி மாறவில்லை.

அதே 1934இல்தான் சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. கேப்டன் பார்னார்டு கட்டியெழுப்பிய அந்த நிலையம் தென்னிந்தியாவின் கதிரியக்கத் துறைக்குத் தாய்வீடு. எக்ஸ்ரே இதயத்தின் நிழலை அளந்து காட்டியது. நிழல் பெருத்திருந்தால் இதயம் வீங்கியிருக்கிறது, அல்லது இதய உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் அந்தப் படத்திலிருந்து எதையும் பிழிந்தெடுக்க முடியாது. வால்வு நோயில் பெருத்த இதயமும், காசநோயால் நீர் சூழ்ந்த இதயமும், கட்டி வளர்ந்த இதயமும் ஒரே மாதிரியான வெண்ணிழலாகவே பலகையில் தெரிந்தன.

மறைத்த இரு நோய்களைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதலாவது மூட்டுவாதக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டைப் புண்ணோடு தொடங்கி, மூட்டில் தங்கி, இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும் நோய் அது. நெருக்கமான வீடுகளும் ஏழ்மையும் இருந்த இடமெல்லாம் அது இருந்தது. இருபது வயதுப் பெண் மூச்சுத்திணறலோடு வந்து, மார்பில் அதற்குரிய முரல் ஒலியும் கேட்டால், மைட்ரல் வால்வுச் சுருக்கம் என்று எழுதுவதில் பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் பிழையிராது. ஆனால் இடது மேலறையில் தொங்கும் கட்டியும் வால்வை அடைத்து அதே ஒலியைத் தரும். நோயாளி எழுந்து உட்கார்ந்தாலோ புரண்டு படுத்தாலோ ஒலி மாறுவது, காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்திருப்பது, திடீரென்று கை கால் விழுவது ஆகியவை கட்டியை நினைவூட்ட வேண்டிய குறிகள். வால்வு நோயிலும் பக்கவாதம் வரும் என்பதால் கடைசிக் குறியும் முழுத் துணை ஆகவில்லை.

1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே இதயவியல் துறையை உருவாக்கியவர் கமலா வைத்திலிங்கம். சுருங்கிய மைட்ரல் வால்வைத் துடிக்கும் இதயத்திலேயே விரிக்கும் மூடிய அறுவை அந்தக் காலத்தின் பெரிய கொடை. அறுவை மருத்துவர் இடது மேலறையின் காதுபோன்ற நீட்சியைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, தொடுவுணர்வை மட்டும் நம்பி வால்வைப் பிளப்பார். அங்கே வால்வுக்குப் பதில் கட்டி இருந்தால் அதை முதலில் அறிவது விரல் நுனிதான். தொட்ட மாத்திரத்தில் கட்டி உதிர்ந்து மூளைக்கு ஓடும் ஆபத்தும் அந்தக் கணத்தில்தான். உலகெங்கும் இப்படி அறுவை மேசையில் தற்செயலாகக் கட்டி தென்பட்ட நிகழ்வுகள் எழுதப்பட்டன. வால்வு அறுவை மிகுந்த நாடுகளுக்கு அந்த அபாயமும் மிகுதி. பின்னர் கேளா ஒலியலையால் இதயத்தைக் காட்டும் எக்கோ வந்து விரல் நுழையும் முன்பே உள்ளே பார்க்க வழி செய்தது. எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல இயலாத மாற்றம் அது.

இரண்டாவது மறைப்பு காசநோய். வீரியமிக்க இதயப் புற்றுகளில் முதன்மையான ஆஞ்சியோசார்கோமா பெரும்பாலும் வலது மேலறையின் சுவரில் எழுந்து, இதய உறைக்குள் ஊடுருவி, அங்கே இரத்தம் கலந்த நீரைத் தேக்குகிறது. நடுவயதினரையும் அதற்கு இளையவர்களையும் அது தாக்குகிறது. இதே வயதில், இதே இடத்தில், இதே நிறத்தில் நீர் கோக்கச் செய்யும் நோய் காசநோய். ஊசி போட்டு எடுத்த நீரில் காசக்கிருமி தென்படாமல் போவது சாதாரணம். சார்கோமா இருந்தாலும் அதன் செல்கள் அந்த நீரில் தென்படாமல் போவதும் அதே அளவு சாதாரணம். இரண்டு பரிசோதனைகளும் ஒன்றும் இல்லை என்று வந்தால், காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததே.

அந்தச் சாய்வுக்கு நியாயமும் இருந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவுக்குக் குணம் கிடைக்கும் என்று காட்டியது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ரஞ்சன்குடி போன்ற ஊர்களிலிருந்த நோயாளிகளுக்கும் மாத்திரை கைக்கெட்டியது. காசநோய் என்று கருதி மருந்து கொடுத்துப் பார்ப்பது எளிதாகவும் மலிவாகவும் ஆயிற்று, பெரும்பாலானவர்கள் பிழைக்கவும் செய்தார்கள். பிழைக்காதவர்களுள் சிலருக்கே இந்தப் பழக்கம் கேடாக முடிந்தது. இதய உறைக் காசநோய்க்கு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துத் தரும் வழக்கம் உண்டு. உண்மையில் இருப்பது லிம்போமா என்றால் ஸ்டீராய்டு அதைச் சில வாரங்களுக்குச் சுருக்கிவிடும். நீர் குறையும், மூச்சு தெளியும், காசநோய்தான் என்ற நம்பிக்கை உறுதிப்படும். அந்த நேரத்தில் திசு எடுத்தாலும் நோயியலாளருக்குத் தெளிவாகப் படாமல் போகலாம். நோய் மீண்டும் எழும்போது மாதங்கள் கழிந்திருக்கும். ஆஞ்சியோசார்கோமாவில் அந்த மாதங்களே எல்லாம். கண்டறியப்படும்போதே பெரும்பாலோருக்கு அது நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது.

கருவிகளின் வளர்ச்சி இதற்கிடையே வேகமாக நடந்தது. 1929இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரை வழியே குழாயைச் செலுத்தி இதயத்தை எட்டினார். அந்த வழியில் சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறை வளர்ந்தது. 1952இல் கோல்ட்பெர்க் குழுவினர் இடது மேலறை மிக்ஸோமாவை நோயாளி உயிரோடிருக்கும்போதே அப்படிப் படத்தில் கண்டதை எழுதினர். 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அத்தகைய கட்டியொன்றை முழுதாக அகற்றினார். அதன்பிறகு கண்டறிவதற்கு ஒரு பயன் கிடைத்தது. அதுவரை, தெரிந்துகொண்டாலும் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலை.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் கேளா ஒலியலையை இதயத்தின்மேல் பாய்ச்சிப் பார்த்தது 1953இல். 1959இல் ஜெர்மனியின் எஃபர்ட்டும் டோமானிக்கும் அந்த முறையால் மேலறைக் கட்டியைக் கண்டனர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பெரம்பலூரை அடுத்த அரியலூர் வட்டார மக்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை அதன்மூலம் வளர்ந்தது. ஆனால் எக்கோ என்று எல்லோர் வாயிலும் புழங்கும் அந்தக் கருவி இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளுக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. சென்னையில் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இதய அறுவையில் பெயர்பெற்றது. 1975இல் கே. எம். செரியன் நாட்டின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தது அங்கேதான். 1980களில் தனியார் இதய மருத்துவமனைகள் பெருகின. எக்கோ வழியே துடிக்கும் இதயத்தின் அறைகளை நேரில் பார்க்க முடிந்ததும், இதயக் கட்டி அறுவைக்கு முன்பே அறியப்படும் நோயாக மாறியது.

அதனோடு புதிய ஏமாற்றமும் வந்தது. இடது மேலறையில் கட்டி தெரிந்தால் மிக்ஸோமா என்று எழுதிவிடும் வழக்கம் ஏற்பட்டது. பெரும்பாலும் அது சரியே. மிக்ஸோமா பொதுவாக இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் காம்புபோல் ஒட்டித் தொங்கும். சார்கோமா அகன்ற அடியோடு அறையின் பின்சுவரில், நுரையீரல் சிரைகள் வந்துசேரும் பக்கத்தில் பற்றிப் படர விரும்பும். இந்த வேறுபாட்டை அறியாமலோ கவனிக்காமலோ மிக்ஸோமா என்று அகற்றிய கட்டி நோயியல் அறிக்கையில் சார்கோமாவாகத் திரும்பி வந்த நிகழ்வுகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் உள்ளன. அகற்றிய கட்டி எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை அந்த நிகழ்வுகளே நிலைநிறுத்தின.

பின்னர் சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வந்தன. கட்டி இதயச் சுவரைத் துளைத்திருக்கிறதா, உறைக்குள் இறங்கியிருக்கிறதா, கொழுப்பா, உறைந்த இரத்தமா என்று பிரிக்க எம்.ஆர்.ஐ. துணைசெய்கிறது. நுரையீரலில் சிதறிய புள்ளிகளைச் சி.டி. காட்டிவிடும். உடலில் வேறெங்காவது மூலம் ஒளிந்திருக்கிறதா என்று தேட பெட் ஸ்கேன் உண்டு. திசுவை எடுப்பதில்தான் இடர் நீடித்தது. 1962இல் ஜப்பானின் சகாகிபாராவும் கொன்னோவும் இரத்தக்குழாய் வழியே செலுத்தித் திசுவைக் கிள்ளியெடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தினர். வலது பக்கக் கட்டிகளுக்கு இன்றைய கேத் லேப்களில் எக்கோவின் பார்வையில் அதுபோன்ற கருவியால் துண்டெடுக்கிறார்கள். இடது பக்கம் என்றால் உதிரும் துணுக்கு மூளைக்குப் போகும் என்ற அச்சத்தால், பெரும்பாலும் அறுவையே பயாப்சியாகவும் அமைகிறது.

எடுத்த துண்டை வாசிப்பது தனிக்கலை. சார்கோமா என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. இரத்தக்குழாய் உட்பூச்சுச் செல்லிலிருந்து வந்ததா என்று அறிய சிடி31 போன்ற புரதங்களுக்கும், லிம்போமாவா என்று அறிய சிடி20 போன்றவற்றுக்கும் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். அந்தப் பதிலைப் பொறுத்தே சிகிச்சை பிரிகிறது. லிம்போமாவுக்கு அறுவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, மருந்துக்கே அது பணியும். ஆஞ்சியோசார்கோமாவுக்கு முழுதாக வெட்டியெடுக்க முடிந்தால்தான் ஓரளவு நம்பிக்கை. இரண்டையும் எக்கோ படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ்நாட்டில் புற்றுத் திசுவை வாசிக்கும் திறமை ஊன்றியதில் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி 1954இல் அதைத் தொடங்கினார். பின்னர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர். ஆனால் இதயக் கட்டி நோயாளி முதலில் போய்ச் சேருவது இதய மருத்துவரிடம். புற்று மருத்துவரிடம் அவர் வருவது கடைசியில். இதயத் துறையும் புற்றுத் துறையும் வேறு வேறு வளாகங்களில், சில சமயம் வேறு வேறு ஊர்களில் வளர்ந்ததால், இடையிலுள்ள தூரத்தை நோயாளியே கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ரஞ்சன்குடி வட்டாரத்தில் அந்தத் தூரம் மெல்லக் குறைந்திருக்கிறது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது, அரியலூர் 2007இல் உறுதியாகப் பிரிந்தது. மாவட்டத் தலைநகரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி, 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி என்று வரிசையாக வந்தன. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்ந்து, இதய அறுவையையும் புற்றுச் சிகிச்சையையும் ஏழைகளுக்குத் திறந்துவிட்டது. எக்கோ எடுக்க இப்போது சென்னை போக வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தை இதயத்துக்கென்று வாசிக்கத் தெரிந்தவருக்கும், இடரான பயாப்சிக்கும், அரிய சாயங்களுக்கும் திருச்சியையோ புதுச்சேரி ஜிப்மரையோ சென்னையையோ வேலூரையோ நாடும் நிலை இருக்கிறது. ஆகவே மாவட்ட மருத்துவமனையின் பங்கு ஐயப்படுவது. இதய உறையில் திரும்பத் திரும்ப இரத்தநீர் சேர்ந்தால், காசநோய் மருந்து உரிய காலத்தில் பலன் தராவிட்டால், வலது மேலறையில் திரள் தெரிந்தால், இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிட வேண்டும்.

கண்டறிந்த நோயை எண்ணி வைப்பதிலும் இந்தப் புற்றுக்கு இடம் சரியாகக் கிடைக்கவில்லை. சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவேடும் உண்டு, பெரம்பலூரும் அரியலூரும் அதில் அடங்கும். பன்னாட்டு வகைப்பாட்டில் இதயத்துக்கு சி38.0 என்ற தனிக்குறியீடு இருந்தாலும், அச்சாகும் அட்டவணைகளில் தைமஸ் சுரப்பி, மார்பு நடுப்பகுதி ஆகியவற்றோடு சேர்த்து மற்ற மார்பு உறுப்புகள் என்ற ஒரே வரியில் அது கரைந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் இதயப் புற்றைத் தனியே அறிய விரும்பும் ஆய்வாளர் அந்த வரியைத் தாண்டி, மூலப் பதிவுகளில் சி38.0 என்று குறித்தவற்றையும் இதய அறுவை நடக்கும் மருத்துவமனைகளின் நோயியல் அறிக்கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தொகுக்க வேண்டும்.